தேசிக்கன்றுகளும் புஷ்பம் அக்காவின் தண்ணீரும்

மானிப்பாய்க்கு அருகில் வயற்கரையில் வீடு கட்டிக் குடிவந்த முதல் கோடையில், வீட்டுக்கு எலுமிச்சை வேண்டுமென்று மூன்று தேசிக்கன்றுகள் நட்டேன். நிலம் இறுகிய களிமண். ஆழமாகக் குழி வெட்டி, மணலும் எருவும் நிரப்பினேன். எங்கள் கிணறு உவர் என்பதால், பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா தன் கிணற்றிலிருந்து தினமும் மூன்று வாளி தண்ணீர் தந்தார்.

சில வாரங்களில் இலைகள் வாடின. அக்காவிடம் இன்னும் தண்ணீர் கேட்டு வாங்கி விட்டேன். இலைகள் பழுத்து உதிர்ந்தன. அந்தக் கோபத்தில் சந்திக் கடையில் நாலு பேர் கேட்க, "அவவின்ரை தண்ணியும் உவர்தான், தெரிஞ்சுகொண்டுதான் தந்திருக்கிறா" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் பட்டுப்போன கன்றைப் பிடுங்கினேன். அந்தக் கொடும் வெயிலிலும் குழிக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. வேர் கறுத்து அழுகி நாறியது. தண்ணீர் களிமண்ணில் வடியவே இல்லை. கன்றுகளைக் கொன்றது நான்தான்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். கடைப்பேச்சு எனக்கு முன்பே அவரிடம் போயிருந்தது.

"கிணறு வத்திக்கொண்டு வருது. என்ரை மரவள்ளிக்கும் விடாமல்தான் உங்களுக்குத் தந்தனான், பிள்ளை."

வேலியோரம் அவருடைய மரவள்ளி காய்ந்து நின்றது.

அதே கடைக்குப் போய், அதே ஆட்களிடம், பிழை என்னுடையது என்று சொன்னேன். இப்போது குழியை அகலமாக வெட்டி, பக்கங்களை அலவாங்குக் கடப்பாரையால் கொத்தி உடைத்து, வெட்டிய மண்ணையே எருவுடன் கலந்து, தண்ணீர் தேங்காதபடி மேடாக்கிப் புதுக்கன்றுகள் நடுகிறேன். குச்சியைக் குத்தி ஈரம் பார்த்த பிறகே தண்ணீர் விடுகிறேன். புஷ்பம் அக்கா இப்போதும் வாளியை நீட்டுகிறார். வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடிவதில்லை.