மேலேருந்து மூணாவது

வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியதும் கயல்விழி நேரே கூடத்துக்கு வந்து, தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் செட்டாப் பாக்ஸைத் தொட்டுப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்க்கிறார்.

"கொதிக்குது. எப்பலேருந்து ஓடுது சார்?"

இப்போதுதான் போட்டேன் என்கிறேன்.

"இப்பப் போட்டது இப்புடிச் சுடாது. கையை நீட்டுங்க."

நீட்டுகிறேன். பட்டை இறுகித் தளர்கிறது. இயந்திரம் காட்டும் எண்ணை அவர் உடனே சொல்லமாட்டார். உதட்டைப் பிதுக்குவார். எவ்வளவு பிதுக்குகிறார் என்பதை வைத்து நானாகக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் வீடு வீடாகப் போய், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பது கயல்விழியின் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். சாதாரண நாட்களில் அவருடைய எதிரிகள் உப்பு, ஊறுகாய், கருவாடு. தேர்தல் அறிவித்துவிட்டால் இந்த மூன்றுக்கும் பொதுமன்னிப்பு கிடைத்துவிடும். அப்போது ஒரே எதிரி, இரவு விவாத நிகழ்ச்சி. "கருவாட்டு உப்பு ஒரு நாள்ல இறங்கிடும் சார். இந்த நாலு பேரு கத்துறாங்க பாருங்க, அது ரெண்டு நாளைக்கு இறங்க மாட்டேங்குது" என்பார். ஊரில் யாருடைய அழுத்தம் எந்த சேனலால் ஏறுகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சேனலை வைத்துக் கட்சியையும் சொல்லிவிடலாம். சொல்லமாட்டார்.

தேர்தல் நடத்தை விதி என்றால் அவருக்குக் குலைநடுக்கம். மாத்திரைப் பையில் ஒரு தலைவர் படம் அச்சாகியிருக்கும். தேர்தல் தேதி வந்த அன்றே அதன் மேல் காகிதம் ஒட்டுவார். வியர்வையில் காகிதம் பிரியும். மறுபடி ஒட்டுவார். கடைசியில் போன எம்.பி. தேர்தலுக்குப் பையையே ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டுக் கட்டிவிட்டார். அது இன்னும் வம்பாகப் போயிற்று. உறைக்குள் எதையோ மறைத்து வீடு வீடாகக் கொடுக்கிறாள் என்று யாரோ போன் போட, பறக்கும் படை ஜீப் பாலத்தடியில் வந்து மறித்தது. உறையை அவிழ்த்தால் மாத்திரை. ஜீப்பில் இருந்த அதிகாரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, எனக்கும் ஒரு தடவை பாத்துச் சொல்றியா? பிடறியெல்லாம் வலிக்குது. தூங்கி நாளாச்சு" என்றாராம். நடுரோட்டில், ஜீப் பானெட் மேல் கையை வைத்துப் பார்த்திருக்கிறார். "பாவம் சார். அவருக்கு உங்களை விட ஜாஸ்தி."

பிரச்சாரம் சூடு பிடித்தால் வீடுகள் காலி. உளுந்து அடிக்க ஆள் கிடைக்காமல் நிலத்துக்காரர்கள் புலம்புவார்கள். ஊர் மொத்தமும் ஏதாவது ஒரு கூட்டத்தில் இருக்கும். காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் இன்னொரு கட்சி, ஆட்கள் மட்டும் அதே ஆட்கள். கயல்விழி சளைக்காமல் கூட்டம் நடக்கும் இடத்துக்கே போய், டிராக்டர் நிழலில் உட்கார்ந்து தன் ஆட்களைத் தேடிப் பிடிப்பார். ஒரு தடவை மேடையிலிருந்தே, "நமது மருத்துவ அணித் தங்கைக்கு நன்றி" என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் மாற்றுக் கட்சிக் கூட்டத்திலும் போய் உட்கார்ந்து கணக்கை நேர் செய்துவிட்டு வந்தார்.

இத்தனைக்கும் அவர் கணவர் பரிதி ஒரு கட்சியின் பூத் ஏஜென்ட். கயல்விழி யாருக்கு ஓட்டுப் போடுவார் என்பது பரிதிக்கே தெரியாது என்று கேள்வி. ஊரில் இதனால் அவருக்கு ஒரு சங்கடமும் வந்ததில்லை, சாமிதுரை வீட்டைத் தவிர.

சாமிதுரை எழுபதைத் தாண்டியவர். நாலு மா நிலமும், மீசை முளைத்த காலத்தில் வாங்கிய கட்சி உறுப்பினர் அட்டையும்தான் சொத்து. அந்தக் கட்சி பரிதியின் கட்சிக்கு நேர் எதிர். இரண்டு கண்ணிலும் புரை; வலது கண்ணில் முற்றிவிட்டது. இலவச முகாம்காரர்கள் இரண்டு தடவை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு தடவையும் அழுத்தம் அதிகம் என்று கத்தி வைக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவையும் இப்படி வந்தால் அந்தக் கண்ணுக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாவது முகாமுக்குத் தேதியும் கொடுத்தார்கள். அது அந்த எம்.பி. தேர்தலின் ஓட்டு எண்ணும் நாள்.

"வேற நாளே கெடைக்கலையா இவங்களுக்கு?" என்று கயல்விழி என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கண்ணை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்பது அன்றிலிருந்து அவருடைய பிடிவாதமாயிற்று.

சாமிதுரை ஒத்துழைத்தால்தானே. இயந்திரம் நூற்றெழுபது காட்டினால் நம்பமாட்டார். "எதிர்க்கட்சிக்காரன் பொண்டாட்டி நீ. கூட்டித்தான் சொல்லுவ. இந்தக் கையில மறுபடி எண்ணு" என்று மறு கையை நீட்டுவார். அதில் நூற்றெழுபத்தைந்து வரும். "மிஷின் சரியில்ல. நடுநிலையான ஆளு ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்" என்பார். அந்த நடுநிலையான ஆளாக என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். என் கட்சியை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வேட்பாளர் வேன் எங்கள் கடைத்தெருவுக்கு வந்த அன்று சாமிதுரை யார் தடுத்தும் கேட்கவில்லை. கூட்டத்தை முட்டித் தள்ளி முன்னால் போய், "வெற்றி வேட்பாளர் வாழ்க!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தி, சால்வையை வேன் டிரைவருக்குப் போட்டுவிட்டார். அவரும் வெள்ளைச் சட்டை. டிரைவர் பவ்யமாகக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். வேட்பாளர் மேலே கழுத்தைக் குனித்தபடி நின்றார். அன்று சாயங்காலம் அழுத்தம் என்ன என்று கயல்விழி இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

ஓட்டுப்பதிவு முடிந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தோம். ஏப்ரலில் ஓட்டுப் போட்டு, பெட்டியைப் பூட்டி, ஜூனில் எண்ணினார்கள். அந்த ஒன்றரை மாதம் ஊரே நெருப்பின் மேல் நின்றது. கயல்விழிக்குக் கோபம் வந்தது அப்போதுதான். "காவேரித் தண்ணிங்கிறாங்க, ரயிலுங்கிறாங்க. போட்ட மறுநாளே எண்ணிடுறோம்னு ஒரு கட்சி சொல்லட்டுமே சார், நான் கண்ணை மூடிக்கிட்டு குத்துறேன். மாத்திரைச் செலவே பாதியாக் கொறைஞ்சிடும்." கொள்கை முழக்கம் என்று அவரிடமிருந்து நான் கேட்டது இது ஒன்றுதான்.

சாமிதுரை வீட்டில் தொலைக்காட்சி ஓடவில்லை. கயல்விழி தினமும் பாக்ஸைத் தொட்டுப் பார்த்தார்; ஜில்லென்றிருந்தது. உப்பும் பாதிதான். அழுத்தம் மட்டும் இறங்கவில்லை. மனைவி ரெங்கம்மாள், "ராவெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்குறாரு. என்னன்னு கேட்டா எரிஞ்சு விழுறாரு" என்றார்.

ரெங்கம்மாள் பருத்தி எடுக்கப் போயிருந்த ஒரு காலையில் சாமிதுரை வாயைத் திறந்தார். பிறகு எனக்கும் அவரே சொன்னார்; இதை எழுத அவரிடமே அனுமதி கேட்டேன். "எழுதுங்க. கட்சி பேரு மட்டும் வேணாம்" என்றார்.

"கயலு, உம் புருசன்கிட்ட சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன் மாமா."

"நான் எதுல ஓட்டுப் போட்டேன்னு எனக்கே தெரியல."

சாவடியில் இயந்திரம் அவருக்கு ஒரே வெள்ளையாகத் தெரிந்திருக்கிறது. துணைக்கு மனைவியைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அதிகாரி சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டார். "அவ எதுல போடுவான்னு கல்யாணமான நாள்லேருந்து எனக்குத் தெரியாது. அவளை நம்பி எப்புடி விடுறது?" விரலால் தடவிப் பார்த்து ஒரு பொத்தானை அமுக்கினார். பக்கத்துப் பெட்டியில் சீட்டு தெரியும் என்றார்கள். அதுவும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. "மாத்திப் போட்டிருந்தா? ஒரு ஓட்டுல கட்சி தோத்துடுச்சுன்னா? நானே தோக்கடிச்ச மாதிரி ஆயிடாது?" பெரியவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

நானாக இருந்தால் சிரித்திருப்பேன். கயல்விழி சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். ஒரு வரிசை மட்டும் மேலே இருக்கும்படி நெடுக்காக மடித்து அவர் கையில் வைத்தார்.

"இதுதான் மிஷின். கண்ணை மூடிக்குங்க. அன்னைக்கு எப்புடி அமுக்குனீங்களோ அப்புடியே அமுக்குங்க."

சாமிதுரையின் விரல் மேலேயிருந்து தடவிக்கொண்டே வந்தது. ஒன்று, இரண்டு, அடுத்ததில் நின்றது. டப்பென்று மாத்திரை உள்ளங்கையில் விழுந்தது.

"உங்க சின்னம் எத்தனாவது?"

"மேலேருந்து மூணாவது."

"இப்ப எதை அமுக்கியிருக்கீங்க?"

அவர் தடவிப் பார்த்தார். "மூணாவது!"

"அப்புறம் என்ன? கண்ணுக்குத் தெரியலன்னாலும் வெரலுக்குத் தெரிஞ்சிருக்கு. முழுங்குங்க."

இது எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. ஆனால் சாமிதுரைக்குப் போதுமாக இருந்தது. போதாதபோது இன்னொரு அட்டையில் சோதித்துக்கொண்டார். அடுத்த வாரம் கயல்விழி போனபோது வீட்டிலிருந்த எல்லா அட்டைகளிலும் மூன்றாவது குழி மட்டும் காலி. ரெங்கம்மாளின் சர்க்கரை மாத்திரையைக்கூட விட்டுவைக்கவில்லை. "இந்த மனுசனுக்கு என்னடி ஆச்சு கயலு?" என்று அவர் கேட்டதற்கு, "விடுங்கத்தை, பிரஷர் எறங்குதுல்ல" என்று பதில் வந்தது. இறங்கியது. கொடுத்த வாக்கு மாறாமல், சாப்பாட்டு வேளையில் எதிரே உட்கார்ந்து கட்சிக் கணக்குப் போடும் கணவரிடம்கூட ஒரு வார்த்தை மூச்சு விடாமல் இருந்தாரே, அதற்காக எனக்கு அந்தப் பெண் மேல் பெரிய மரியாதை உண்டு.

எண்ணிக்கை நாளன்று ரெங்கம்மாளுக்குப் பருத்தி வேலை. நடுநிலையாளன் என்ற முறையில் நான் துணைக்குப் போனேன். கயல்விழியும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். ஏறியதும் என் கைப்பேசியைப் பிடுங்கித் தலையணை உறைக்குள் போட்டார். ஆஸ்பத்திரிக் கூடத்தில் தொலைக்காட்சி முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று அலறிக்கொண்டிருந்தது. நேராகப் போய் ரிமோட்டை எடுத்துச் சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றிவிட்டு, ரிமோட்டையும் உறைக்குள் போட்டார். புரை விழுந்த கண்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே குரலாக எதிர்த்தார்கள். "நீங்க எப்புடியும் பாக்கப் போறதில்ல, காதுல கேக்குறது எதுவா இருந்தா என்ன? கண்ணு வேணுமா, ரிசல்ட் வேணுமா?" என்று கேட்டார். ஒருவர் ரிசல்ட் என்றார். மற்றவர்கள் புளிக்குழம்பு வைக்கும் முறையை அமைதியாகக் கேட்டார்கள்.

சாமிதுரைக்கு அழுத்தம் நூற்று முப்பத்தாறு. ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதும் கயல்விழி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் நனைந்திருந்தது. அரை மணி நேரத்தில் அறுவை முடிந்து, கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு பெரியவரை வெளியே கொண்டுவந்து படுக்க வைத்தார்கள்.

பிற்பகலில் கயல்விழியின் கைப்பேசி அதிர்ந்தது. பரிதி. எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. பிறகு ஒரு செய்தி வந்தது. படித்தார். நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழகிய உதடு, ஆனால் அன்று இம்மிகூட அசையவில்லை. கைப்பேசியைத் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தார்.

"கயலு" என்றார் சாமிதுரை. ஒரு கை போர்வையைத் தடவிக்கொண்டிருந்தது. "எண்ணி முடிச்சிருப்பாங்களே. நாம ஜெயிச்சமா? எத்தனை ஓட்டு?"

கயல்விழி நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தலையணை உறையை அவிழ்த்து, இயந்திரத்தை எடுத்து மடியில் வைத்து, பட்டையைச் சர்ரென்று பிரித்தார்.

"மொதல்ல கையை நீட்டுங்க மாமா."