செல்வராஜ் மாஸ்டரின் நண்பர்

போன சனிக்கிழமை எல்கடுவ பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு கம்ப்யூட்டர் பயணம் செய்தது.

அதை மடியில் வைத்திருந்தவர் செல்வராஜ் மாஸ்டர். தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர். பூப்போட்ட பெட்ஷீட்டில் சுற்றி, இரண்டு கையாலும் அணைத்து, வளைவு வரும்போதெல்லாம் தானும் அதோடு சாய்ந்து... காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற தகப்பன் மாதிரி. ஜன்னலுக்கு வெளியே தேயிலை முடிந்து மிளகுக்கொடி தொடங்கிக்கொண்டிருந்தது. அவர் பார்க்கவில்லை.

"என்ன மாஸ்டர், சொகமில்லையா அதுக்கு?"

"எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருதுங்க சார். நுஸ்ரத் டீச்சர்கிட்ட காட்டப் போறேன்."

எனக்குப் புரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே புரிந்தது. அது இருக்கட்டும்.

'கறுவா' என்று ஒரு மென்பொருள். தமிழில் தட்டச்சு செய்ய. காசு கிடையாது. உள்ளே எப்படி ஓடுகிறது என்பதிலும் ஒளிவுமறைவு கிடையாது — தெரிந்தவர் யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். நாடு நாடாகச் சிதறிக் கிடக்கும் ஏழெட்டுப் பேர், சம்பளம் இல்லாமல் சேர்ந்து செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் நம் மாத்தளை டவுனில் கணக்குப் படிப்பிக்கும் நுஸ்ரத் டீச்சர்.

மாஸ்டர் கறுவாவின் புதிய பதிப்பைப் போட்டிருக்கிறார். அன்றைக்கே, ஒரு மாதமாக ஒற்றை விரலால் அடித்து வைத்த ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் வெறும் கட்டங்களாகிவிட்டது. திங்கட்கிழமை ஏழு தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை எழுத வேண்டும். வேறு பிரதி இல்லை.

"மின்னஞ்சல் குழுவுல கேட்டிருக்கலாமே?"

கறுவாக்காரர்களுக்கு ஒரு குழு உண்டு. ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும். மாஸ்டர் அதில் ஆறு மாத உறுப்பினர். வருகிற அத்தனையையும் படிப்பார். ஒரு வார்த்தை எழுதியதில்லை.

குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் பாப்பாங்களே சார். மாஸ்டருக்கு இதுகூட தெரியலயான்னு..."

டவுனுக்குள் நுழையுமுன் ராணுவ செக்பொயின்ட். யுத்த காலமல்லவா. எல்லாரும் இறங்கினோம். பெட்ஷீட் அவிழ்ந்தது. சிப்பாய்க்கு இருபது வயதிருக்கும். பெட்டியைத் திறக்கச் சொன்னார். மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்தார்... எதிர்பார்த்தே வந்திருக்கிறார்! நடுவெயிலில், வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, கம்ப்யூட்டரின் குடல் வெளியே வந்தது. மாஸ்டர் சிங்களத்தில் பொறுமையாக விஷயத்தைச் சொன்னார்.

சிப்பாய் எட்டிப் பார்த்துவிட்டு, சிங்களத்திலேயே கேட்டார்: "இதுக்கு எங்கேயாவது எழுதிக் கேட்டிருக்கலாமே, சேர்?"

பாருங்கள். பெட்டியைத் திறந்து காட்ட மாஸ்டருக்குக் கூச்சமில்லை. கேள்வியைத் திறந்து காட்டத்தான் கூச்சம். நம்மில் யாருக்கு இல்லை?

நுஸ்ரத் டீச்சர் கதவைத் திறந்ததும் பதறிப்போனார். "யா அல்லாஹ்! இதத் தூக்கிட்டா வந்தீங்க மாஸ்டர்? செக்பொயின்ட்ல?"

"தொறந்து பாத்தாங்க டீச்சர். ஒன்னும் சொல்லல."

"சார், நீங்க?"

"நான்... சும்மா கூட வந்தேன்."

தேநீர் வந்தது. கூடவே டீச்சரின் கோபமும். உதவி கேட்பவர்களுக்கு முதலில் தன் கைபேசி எண்ணைத்தான் கொடுத்திருந்தாராம். "விடிய சுபஹு தொழுது முடிய தொடங்கினா ராவு இஷா வரைக்கும் போன். ஒரே பதில நாப்பது தரம் சொல்லணும். போன வச்சா பதிலும் போச்சு." பிறகு அரட்டை அறை ஒன்று வைத்துப் பார்த்தார்கள். இங்கே விழித்திருக்கும்போது மற்றவர்கள் தூங்கினார்கள். இணையத்தளம்? நம் டெலிபோன் லைனில் ஒரு பக்கம் திறக்க ஒரு பிளேன்டீ ஆறிவிடும். கடைசியில்தான் மின்னஞ்சல் குழு. லைனை எடு, கடிதங்களை இறக்கு, லைனை வெட்டு, ஆறுதலாகப் படி. எழுதினது நிற்கும். நாளைக்கு வருகிறவரும் படிப்பார்.

இன்னொன்றை நான் சேர்த்துக்கொள்கிறேன். தமிழில் போன் பேசினால் குரல் தானாகவே இறங்கிவிடுகிற காலம் இது. பஸ்ஸில், கடையில், ஏன், சொந்த வாசலில்கூட. அந்தக் குழுவில் மட்டும்தான் யாரும் கிசுகிசுப்பதில்லை.

"பதில் எனக்குத் தெரியும் மாஸ்டர்," என்றார் டீச்சர். "சொல்ல மாட்டேன். குழுவுல கேளுங்க."

"டீச்சர், நான் இங்கதானே இருக்கேன்!"

"நானும் இங்கதான் ஈக்கிறேன். கேள்வி அங்க வரட்டும்."

"திங்கக்கெழம பரீட்சைங்க..."

"அப்ப கெதியா எழுதுங்க."

என்ன மனுஷி இவர் என்று நினைத்தேன். டீச்சர் விடவில்லை.

"கலேவெலயில நம்ம குழுக்காரர் இன்னொருத்தர் இப்ப பெட்ஷீட் தேடிட்டு ஈப்பாரு மாஸ்டர். ஒங்களுக்கு செக்பொயின்ட்ல ஒன்னும் நடக்கல்ல. அவருக்கும் நடக்காதுன்னு யாரு சொன்ன?"

மாஸ்டர் எழுந்துபோய் டீச்சரின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். ஒற்றை விரல். நெற்றியில் வியர்வை.

"அன்புடையீர், நலம். நலமறிய ஆவல். எனது நண்பர் ஒருவரின் கணினியில் எழுத்துகள் கட்டங்களாகத் தெரிகின்றன. அவருக்கு அவசரம்."

அனுப்பிவிட்டு எழுந்தார். டீச்சர் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்து, இப்போதுதான் பார்ப்பவர் போலப் படித்து, அடித்தார்:

"நல்ல கேள்வி மாஸ்டர். உங்கள் நண்பர் 'பழைய கோப்பு' என்ற வரியை ஒரு தடவை அழுத்தட்டும். பிழை அவருடையதல்ல. புதிய பதிப்பில் இதைச் சொல்ல நாங்கள்தான் மறந்துவிட்டோம்."

மறுபடி நாற்காலி மாறியது. மாஸ்டர் பதிலை வாய்விட்டுப் படித்தார். இரண்டு தடவை. பிறகு தன் பெட்டிக்கு வயர் மாட்டி, அந்த வரியை அழுத்தினார். மழை விட்டதும் மலை தெரிகிற மாதிரி... முதலாம் வினா தெரிந்தது. இரண்டாம் வினா. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றுமில்லை.

கிளம்புமுன் டீச்சர் மறுபடி லைனை எடுத்தார். ஒரு கடிதம் வந்திருந்தது. கலேவெலயிலிருந்து.

"எனது நண்பர் ஒருவருக்கும் இதே பிரச்சினை. இப்போது சரி. நன்றி."

அப்போதுதான் டீச்சர் சிரித்தார்.

உதவி செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். கேட்கிறவனின் முகம் வாடாமல் கேட்க வைத்து உதவி செய்கிறவர்கள்? மிளகு விளைகிற ஊரில் இப்படியொரு குளிர்ச்சி!

சரி... இனி என் விஷயம். நான் எழுதும் இந்தப் பத்தி இரண்டு வாரமாகப் பத்திரிகை ஆசிரியருக்குக் கையெழுத்தில்தான் போனது. காரணம் கறுவா. எழுத்துக்கு முன்னால் வரவேண்டிய கொம்பெல்லாம் என் வீட்டில் தள்ளித் தள்ளி நின்றன. டீச்சர் வீட்டில் தேநீர் குடித்தபோதும் நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை குழுவுக்கு எழுதினேன்: "என் நண்பர் ஒருவர்..."

பின்னேரம் பதில் வந்தது. எழுதியவர் செல்வராஜ் மாஸ்டர். தீர்வை வரி வரியாக எழுதி, பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டார்கள் என்று சொல்லி, அடியில் ஒரு வரி:

"உங்கள் நண்பரைக் கேட்டதாகச் சொல்லுங்கள், சார்."