குழிக்குள் இருப்பவர் யார்

குடிநீர் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் என் பக்கத்து நாற்காலிக்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் அலாரம். உட்கார்ந்த இடத்தில் உட்காரமாட்டாள். எழுந்து ஜன்னலுக்குப் போவாள், திரும்பி வந்து அதே திரையை முறைப்பாள். அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு ஓடுகிறவள். அம்மா அப்பா போனபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியவளும் அவள்தான். அந்தத் தம்பி இங்கேயே ஃபிட்டர். பெரிய குழாய்களின் வால்வு பார்க்கக் குழிக்குள் இறங்குகிறவன். பிறகு அவளுக்கு எங்கே நிம்மதி?

ஊர்க் குழாய்களின் அழுத்தம் எங்கள் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்து என்ன ஆகும் என்பது நமக்கு எவ்வளவு தெரியாது என்று ஒரே எண்ணாகச் சொல்ல ஒரு கணக்கு உண்டு, என்ட்ரோபி. அந்தக் கணக்கைக் கூட்டிக் குறைத்து வைக்க ஒரு திருகு உண்டு. ஒன்றில் வைத்தால், அடிக்கடி வரும் அளவுகளின் பேச்சுதான் எடுபடும். ஒன்றுக்குக் கீழே இறக்கினால், எப்போதோ வரும் துள்ளலுக்கும் மதிப்பு கூடும். திருகின் ஒவ்வொரு நிலைக்கும் எல்லைக்கோடு வேறு. எண் அதைத் தாண்டினால் குழாய் வெடிக்கலாம், குழிக்குள் ஆள் இருக்கக்கூடாது. ஆனால் திருகை எங்கே வைப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தொலைக்கவில்லை. அவரவர் இஷ்டம்! உயிர் போகிற விஷயத்தில் என்ன இஷ்டம் வேண்டியிருக்கிறது?

அன்று தம்பிக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதிலாக மூத்த ஃபிட்டர் இறங்கியிருந்தார். எண் சாதுவாகக் கோட்டுக்குள் கிடந்தது. அலாரம் அதிசயமாக உட்கார்ந்து டீ குடித்தாள். நான்கூடக் கிண்டல் செய்தேன். அப்போது தம்பியின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நான் இறங்கினாலே வேலைய நிறுத்துவ. இன்னிக்கு எப்படி விட்ட?"

"இன்னிக்கு நம்பர் நல்லா இருக்குடா. நீ மாத்திரை போட்டியா?"

"அத விடு. திருகு எதுல இருக்கு?"

"ஒண்ணுல."

"நான் போற அன்னிக்கு எதுல வைப்ப?"

அவள் டீயைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. வேண்டுமென்று செய்தவள் இல்லை. தம்பி இறங்கும் நாளில் கை தானாகத் திருகைக் கீழே இறக்கியிருக்கிறது. இத்தனை நாளும் மற்றவர்களை ஒன்றில் வைத்தே இறக்கிவிட்டிருக்கிறாள்.

திருகைப் பாதிக்கு இறக்கினாள். எண் கோட்டைத் தாண்டியது. அவள் குழிக்கான மைக்கைப் பிடுங்கினாள்.

"அண்ணே, எல்லாத்தையும் போட்டுட்டு மேல வாங்க. உடனே!"

அவர் ஏறி வரும்வரை அறைக்குள் அங்குமிங்கும் நடந்தாள். ஏறி வந்தார். குழாய் வெடிக்கவில்லை, ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. குழிமேட்டில் நின்றபடியே மைக்கில் கத்தினார்.

"ஒண்ணும் ஆகலயேம்மா! பாதி வேலையில இந்த ஓட்டம் ஓட வைக்கிற. உள்ள என்ன உன் தம்பியா இருக்கான்?"

"இல்லண்ணே," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "நீங்க இருந்தீங்க."