அமெரிக்காவில் பந்த்

ஜீவனஹள்ளியில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் கில்பர்ட் வீடு. என்னைவிட எட்டு வயது சின்னவன், முப்பத்தைந்து வருஷப் பழக்கம், அதனால் அவன் என்றுதான் சொல்வேன். யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கே போய் நிற்பான். இருந்த ஒரே பைத்தியம் அமெரிக்கத் தேர்தல்.

மகள் பிரிஸில்லா அங்கே வேலைக்குப் போனதிலிருந்து பிடித்தது அது. முகம் தெரியாதவர்கள் கூடிச் சண்டை போடுவதற்கென்று போனில் ஓர் இடம் இருக்கிறதாம். காலையில் காபி டம்ளரோடு வாசலில் உட்கார்ந்தால் பத்து மணிவரை விரல் நிற்காது. எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் தான் எழுதியதையும் அவர்கள் திருப்பித் திட்டியதையும் தமிழாக்கி உரக்கச் சொல்வான். வெங்காயம் உரித்தபடி எல்லாவற்றையும் கேட்பேன்.

"எல்லம்மாக்கா, நீ எந்த ஊரு ஓட்டர்னு என்னை ஒருத்தன் கேக்கறான்."

"நீ இன்னா சொன்னே?"

"ஜீவனஹள்ளின்னு போட்டேன். அது எந்த ஸ்டேட்டுல இருக்குன்னு இன்னொருத்தன் கேக்கறான்!"

உள்ளேயிருந்து அவன் பெண்சாதி டோரீன் குரல் கொடுப்பாள். "நம்ம வார்டுக்கு அஞ்சு வருஷமா கவுன்சிலரே இல்ல. சாக்கடை மோரி அடைச்சிக்கினு கெடக்கு. அதையும் அவங்ககிட்டயே கேளுங்க!"

அந்த டோரீனுக்குத்தான் வயிற்றில் கட்டி வந்தது. செப்டம்பர் கடைசியில், வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாதம் தாங்கினால் அதிகம் என்றார். அவள் கேட்டது ஒன்றுதான். பிரிஸில்லாவை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

பிரிஸில்லாவோ அப்போதுதான் கம்பெனி மாறியிருந்தாள். புது வேலைக்கான காகிதம் சர்க்கார் ஆபீஸிலிருந்து வர வேண்டும். அது வராமல் கிளம்பினால் திரும்பி உள்ளே நுழைய முடியாது, வேலையும் போய்விடும். அந்தச் சமயம் பார்த்து அந்த ஊரில் சர்க்கார் ஆபீஸ்களை மூடிவிட்டார்கள்.

"செலவுக்கான சட்டம் தேறலக்கா," என்று கில்பர்ட் விளக்கினான். "சபையில நூறு பேர்ல அறுபது பேர் கை தூக்கணும். ஆளுற கட்சிகிட்ட அம்பத்து மூணுதான். அந்தக் கட்சி எறங்காது, இந்தக் கட்சி விடாது."

"நடுவுல நம்ம பொண்ணு காகிதம்?"

"செவ்வாக்கிழமை மறுபடியும் ஓட்டு. எதிர்க்கட்சியிலேர்ந்து ஏழெட்டு பேர் வந்துடுவான். எழுதியே போட்டுட்டேன் பாருங்க."

செவ்வாய்க்கிழமை ஏழெட்டுப் பேர் வரவில்லை. முகம் தெரியாதவர்கள் அவனைக் கிழித்தார்கள். அவனும் விடவில்லை. உள்ளே டோரீன் முனகினால், "ரெண்டு நிமிஷம் இரு, இவனுக்கு ஒரு பதில் போட்டுட்டு வரேன்" என்பான். நான் போய்ப் புரட்டிப் படுக்கவைப்பேன். அவன் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவளருகில் உட்காரப் பயம். அந்தப் பயத்தை யாரிடமாவது கத்தித் தீர்க்க வேண்டியிருந்தது.

ஒருநாள் டோரீன் கேட்டாள். "ஷட்டவுன் ஷட்டவுன்றீங்களே, அப்படின்னா இன்னாங்க?"

போனைவிட்டுத் தலை நிமிராமல் சொன்னான். "பந்த்துதான். அமெரிக்கா பூரா பந்த்து."

அவனுக்கு அது வெறும் வார்த்தை. எங்களுக்கு அப்படி இல்லை. காவிரித் தண்ணீருக்காக பந்த் நடத்தி, இங்கே தமிழர்களைத் தேடி அடித்த தொண்ணூற்றொன்று கலாட்டாவின்போது பிரிஸில்லா கைக்குழந்தை. கில்பர்ட் எல்லையில் அத்திபெலே பக்கம் மாட்டிக்கொண்டான். என் அடுப்படி தெருவுக்குத் தெரியாது என்பதால், டோரீன் தன் வீட்டுத் தமிழ்க் காலண்டரைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, குழந்தையோடு அங்கே வந்து இரண்டு நாள் இருந்தாள். பாலுக்கு அழுத குழந்தையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தாள். பந்த் என்றால் அவளுக்கு அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பிரிஸில்லா கூப்பிட்டாள். நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, டிக்கெட் போட்டுட்டேன். வேலை போனா போவட்டும். ஞாயித்துக்கெழம உன்கூட இருப்பேன்."

எழுந்து உட்கார முடியாதவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "வராதடி! இருக்கற எடத்துலயே இரு. மீறி வந்தே, என் மூஞ்சில முழிக்காத!"

போன் நழுவியது. கில்பர்ட் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். டோரீன் என் கையைப் பிடித்தாள். "அக்கா, பஸ்ஸுங்கள கொளுத்துவானுங்க. தனியா ஏர்போர்ட்டுக்கு எப்படி போவும் புள்ள?"

"அதெல்லாம் இல்லடி. ஆபீஸ் மட்டும்தான் மூடியிருக்கு."

"அன்னிக்கும் நீங்க இப்படித்தான் சொன்னீங்க, ஒண்ணும் ஆவாதுன்னு."

வாசலுக்கு வந்தேன். "தம்பி, அங்க கலாட்டான்னு நெனச்சிட்டா அவ. நீ சொன்ன பந்த்துதான். பொண்ணுகிட்ட சொல்லு."

"கேன்சல் பண்ணச் சொல்லிட்டேன்கா. அம்மா வேணாம்னா சரின்னுட்டா. இருக்கட்டும். அந்த வேலைக்கு அவ பட்ட பாடு எனக்குத் தெரியும். வர்ற செவ்வாக்கிழமை நிச்சயமா தேறிடும். காகிதத்தோடவே வருவா."

"டோரீனுக்கு அந்தச் செவ்வாக்கிழமை இருக்குன்னு எந்தக் கட்சிக்காரன் சொன்னான் ஒனக்கு? போனைப் போட்டுக் குடு, நான் சொல்றேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எனக்கு நம்பர் போடத் தெரியாது. வேறு யாரையாவது போடச் சொல்லியிருக்கலாம். அடுத்த வீட்டு விஷயம் என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு.

செவ்வாய்க்கிழமையும் தேறவில்லை. வியாழக்கிழமை விடியும்போது கஞ்சி கொண்டுபோனேன். டோரீன் வாய் திறக்கவில்லை.

கல்லறையில் போனைத் தூக்கிப் பிடித்தது நான்தான், பிரிஸில்லா பார்ப்பதற்கு. எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் பாதி நேரம் மரத்தைக் காட்டியிருக்கிறேன். இரண்டு வாரம் கழித்து எதிர்க்கட்சியில் எட்டுப் பேர் கை தூக்கி ஆபீஸைத் திறந்தார்கள். கில்பர்ட் போட்ட தலைக்கணக்கு சரிதான்.

டிசம்பரில் பிரிஸில்லா வந்தாள். என் அடுப்படியில் தரையில் உட்கார்ந்தாள். "பெரிம்மா, அம்மா எந்தக் கோவத்துல என்னைப் பாக்க வேணாம்னாங்க? நான் இன்னா பண்ணேன்?"

கதவருகே நின்ற கில்பர்ட், "அக்கா, விடுங்க," என்றான்.

நான் விடவில்லை. பந்த் என்ற வார்த்தையிலிருந்து சட்டைப்பைவரை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியுமாப்பா?"

"அந்த வாரமே தேறிடும்னு நெனச்சேன்மா."

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு போய் டோரீனின் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் கிளம்பிவிட்டாள்.

இப்போதெல்லாம் என் போனுக்குத்தான் கூப்பிடுகிறாள். கில்பர்ட் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்னைக் கேட்டாளாக்கா?" என்பான். கேட்டாள் என்று ஒரு பொய் சொன்னால் அன்றைக்கு ஒரு வாய் சோறு கூடச் சாப்பிடுவான். தெரியும். இல்லை என்றுதான் சொல்கிறேன். சொல்லிவிட்டு ரசத்தைக் கொண்டுபோய் வைக்கிறேன்.