மரியதாஸ் அண்ணையின் அயர்லாந்துச் சத்தியம்

போன சனிக்கிழமை டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் ஒரு பல்பொருள் அங்காடியின் வாசலில் ஓர் இளம் டெனிஷ் தாய் தள்ளுவண்டி எடுக்க முடியாமல் நின்றார். இடுப்பில் குழந்தை, கையில் கைபேசி. வண்டியைச் சங்கிலியிலிருந்து விடுவிக்கப் பத்துக் குரோனர் காசு ஒன்று வேண்டும். இந்த நாட்டில் இப்போது யாரிடம் காசு இருக்கிறது? பிச்சை கேட்பவரே, காசு அனுப்பச் சொல்லிக் கைபேசி இலக்கத்தை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். நான் காற்சட்டைப் பையைத் துழாவி, எப்போதும் அதில் கிடக்கும் காசொன்றை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் யாழ், மறுபக்கம் முறைத்துக்கொண்டு நிற்கும் காளை.

"இது எந்த நாட்டுக் காசு?"

"அயர்லாந்து. பழைய ஷில்லிங். வண்டிக்குள் சரியாகப் போகும்."

அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்து, மிக மரியாதையாக, "நீங்கள் அயர்லாந்தா?" என்று கேட்டார்.

"இல்லை, யாழ்ப்பாணம்" என்றேன். அது எல்லாவற்றையும் விளக்கிவிட்டதுபோலத் தலையாட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். காருக்குள் இருந்த என் மகள் கண்ணாடியை இறக்கி, "ஃபா, டெட் ஏ பின்லிட்" என்றாள். அப்பா, வெட்கக்கேடு என்று அர்த்தம். அவள் என்னோடு டெனிஷில் பேசுவதில் பாதி இந்த ஒரு வசனம்தான்.

விரலை மூக்கருகே கொண்டுபோனேன். காசின் வாடை. இந்த வாடையைக் கடைசியாக எப்போது முகர்ந்தீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம். என்னை அது நேரே பன்றி இறைச்சித் தொழிற்சாலையின் சாப்பாட்டறைக்குத்தான் கூட்டிப் போகும். நான் டென்மார்க்குக்கு வந்து முதன்முதலில் வேலை செய்த இடம். செவ்வாயும் வெள்ளியும் மச்சம் தொடாத வீட்டில் பிறந்தவன், வாரம் முழுக்கப் பன்றி விலா எலும்பைப் பெட்டியில் அடுக்கினேன். வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் பக்தியோடு அடுக்கினேன்.

அங்கே ஒரு பழைய கோப்பி இயந்திரம் இருந்தது. ஒருநாள் அது எனக்குக் கோப்பி தராமல், மீதிக்காசு விழும் கிண்ணத்தில் ஒரு செம்புக் காசைத் துப்பியது. எடுத்துப் பார்த்தால் தாய்ப்பன்றி, சுற்றிக் குட்டிகள். எனக்கு ஆச்சரியமே வரவில்லை. மனிதரைவிடப் பன்றிகள் அதிகம் உள்ள நாடு, காசில் பன்றியைப் போடாமல் வேறு யாரைப் போடும்? மறுபக்கத்தில் இருந்த எழுத்துகள் எனக்கு விளங்கவில்லை. டெனிஷும் விளங்காததால் அதை டெனிஷ் என்றே முடிவு செய்தேன். மாலையில் பாண் கடையில் அதை நீட்டினேன். கடைக்காரப் பெண் மற்றவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் சிரித்துவிட்டு, காசையும் திருப்பித் தந்து, எனக்கு ஒரு பாணை இலவசமாகத் தந்தார்கள். டென்மார்க்கில் பன்றிக் காசின் மதிப்பு மிகப் பெரியது என்று நம்பிக்கொண்டு வீடு போனேன்.

அந்தக் காசு பிரெபெனுடையது. தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துபவன். குரோனர் என்று நினைத்துத் தவறுதலாகப் போட்டுவிட்டு, அடுத்த நாள் இயந்திரத்தின் வயிற்றையே கழற்றித் தேடிக்கொண்டிருந்தான். நான் கொண்டுபோய்க் கொடுத்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஒரு டெனிஷ்காரன் முன்பின் தெரியாதவனைக் கட்டிப்பிடிப்பது சாதாரண விஷயம் இல்லை. அவன் கல்யாணம் முடித்துத் தேனிலவுக்கு அயர்லாந்து போயிருக்கிறான். போன இடத்தில் விடாத மழை. மழைக்குள் ஏதோ வாக்குவாதம். மனைவி தனியாக ஊர் திரும்பிவிட்டாள். அவனுக்கு மிஞ்சியது, ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய கைப்பிடி காசு மட்டும். அன்றிலிருந்து அயர்லாந்துக் காசு சேர்த்தான். அந்த நாட்டின் பழைய காசுகள் ஒவ்வொன்றிலும் ஒரு பிராணி: குதிரை, மீன், காளை, வேட்டைநாய், முயல், குஞ்சுகளோடு கோழி. எல்லாவற்றின் மறுபக்கத்திலும் யாழ்.

நானும் சேர்க்கத் தொடங்கினேன். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், யாழ்ப்பாணத்தான் யாழ் போட்ட காசைச் சேர்க்காமல் வேறு யார் சேர்ப்பது என்று சொன்னேன். உண்மை என்னவென்றால், பிரெபென்தான் என்னோடு மெதுவாக டெனிஷ் பேசிய ஒரே ஆள். அவனுடைய காசு சேர்ப்பவர் சங்கம் நூலகத்தின் கீழறையில் கூடும். எல்லோரும் டெனிஷ் அரசர்களைப் பற்றிப் பேச, நாங்கள் இருவர் மட்டும் மூலையில் இருந்து கோழியையும் முயலையும் பற்றிப் பேசுவோம். நான் இந்த நாட்டு மொழியில் முதலில் பிழையில்லாமல் சொன்ன வசனம், "இந்த முயலின் காது தேய்ந்திருக்கிறது" என்பது.

மரியதாஸ் அண்ணை இங்கேதான் வருகிறார். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், பெட்டி அடுக்கும் வரிசையில் எனக்குப் பக்கத்து ஆள். நல்ல மனிதர். நல்ல குரல். நல்ல குடி. ஒரு ஞாயிறு பழைய சாமான் சந்தையில் நான் ஒரு பெரிய பதக்கம் வாங்கினேன். வெள்ளீயம் மாதிரி ஒரு உலோகம், உள்ளங்கை அகலம். அயர்லாந்து என்று விற்றவர் சொன்னார். நடுவே சிலுவை, கீழே ஒரு ஆட்டுக்குட்டி. விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்துகள், பாதி தேய்ந்தவை. நான் பிராணி சேர்ப்பவன். ஆட்டைப் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை.

அண்ணை அதைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"தம்பி, உது செபமாலையோடை போடுற சாமான். உன்ரை பன்றி, நாயோடை உதை வைக்காதை. பாவம்."

"உங்களுக்கு வேணுமெண்டால் எடுங்கோ அண்ணை."

எடுத்துக்கொண்டு போனவர், அதைக் கோயிலில் போலந்துக்காரப் பாதிரியாரிடம் கொடுத்து மந்திரித்து வாங்கி, வீட்டு வாசலுக்கு நேரே மாட்டிவிட்டார். அந்த வாரமே அவருக்கு நிரந்தர வேலை உறுதியானது. அதற்கு அடுத்து முழங்கால் வலி போனது. அவ்வளவுதான். ரண்டர்ஸில் இருந்த எங்கள் சனம் ஒவ்வொருவராக வரத் தொடங்கியது. லைசன்ஸ் பரீட்சைக்குப் போகிறவர்கள் வந்து முத்தமிட்டார்கள். மொழிப் பரீட்சைக்குப் போகிறவர்கள் நெற்றியில் ஒற்றிக்கொண்டார்கள். கோல்டிங்கிலிருந்துகூட ஒரு குடும்பம் கார் பிடித்து வந்தது. சைவக்காரர் நாங்களும் விடவில்லை. நான் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை லைசன்ஸ் எடுத்தது, ஆட்டுக்குட்டியின் முதுகைத் தடவிவிட்டுப் போன அன்றுதான். வாகன ஆசிரியர் என் பின்பக்க நிறுத்தலைப் பற்றி வேறு கருத்துச் சொன்னாலும் நான் ஏற்கவில்லை.

அண்ணையின் மகள் அனிற்றா கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல்நன்மை நாள் வந்தது. மண்டபம் எடுத்து மத்தியானம் விருந்து. பிரெபெனையும் கூட்டிப் போனேன். சமையலறையில் றோல்ஸ் தட்டெடுக்கப் போனபோது, அண்ணையின் மனைவி ரோசம்மாக்கா அடுப்படியில் தனியாக நின்றார்.

"தம்பி, உங்களுக்கு மட்டும் சொல்லுறன். கோல்டிங்கிலை என்ரை தங்கச்சி அறை ஒதுக்கிப்போட்டாள். பிள்ளையின்ரை இந்த விசேசம் முடியட்டும் எண்டுதான் இருந்தனான்."

"என்னக்கா, என்ன நடந்தது?"

"பள்ளிக்கூடக் கூட்டத்துக்குக் குடிச்சு வெறியிலை வந்தவர். ரீச்சர் பிள்ளையிட்டை ஆர் இவர் எண்டு கேட்டிருக்கிறா. பிள்ளை பக்கத்து வீட்டுக்காரர் எண்டு சொல்லியிருக்கு."

நான் றோல்ஸ் தட்டோடு நின்றேன். என்ன சொல்வது என்று தெரியாதபோது மனிதன் றோல்ஸ் சாப்பிடுவான். நான் இரண்டு சாப்பிட்டேன்.

மண்டபத்துக்குள் வந்தால், பதக்கம் பூமாலையோடு மேசையில் இருந்தது. பிள்ளையின் ஆசீர்வாதத்துக்காக வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். பிரெபென் தன் பூதக்கண்ணாடியோடு அதன்மேல் குனிந்திருந்தான். வழிந்து ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டிவிட்டு நிமிர்ந்தான். முகம் நிலா மாதிரி இருந்தது.

"இது சாமிப் பதக்கம் இல்லை! முன்னொரு காலத்தில் அயர்லாந்தில் ஒரு பாதிரியார் ஊர் ஊராகப் போய்க் குடியை நிறுத்தினார். சத்தியம் செய்தவர்களுக்கெல்லாம் இதைக் கொடுத்தார்கள். சத்தியமே இதில் எழுதியிருக்கிறது!"

டெனிஷில்தான் சொன்னான். முன்வரிசைப் பெரியவர்களுக்கு விளங்கவில்லை. "பிள்ளை, என்னவாம்?" என்று ஒருவர் கேட்டார். வெள்ளை உடுப்போடு பக்கத்தில் நின்ற அனிற்றா, வீட்டில் எதற்கும் டெனிஷில் பதில் சொல்லும் அந்தப் பிள்ளை, பிரெபென் ஒவ்வொரு துண்டாகச் சொல்லச் சொல்ல, மண்டபம் கேட்கத் தமிழில் சொன்னாள்.

"நான்... வெறி வாற ஒரு சாமானும் குடிக்க மாட்டன் எண்டு... சத்தியம் பண்ணுறன். மற்றவையையும்... குடிக்க விடமாட்டன்."

அண்ணையின் கையில் விஸ்கி இருந்தது. வாய்க்கும் மேசைக்கும் நடுவே அது நின்றுவிட்டது.

ரோசம்மாக்கா சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றார். "அப்ப இவர் எப்பவோ சத்தியம் பண்ணிப்போட்டார்" என்றார். பிறகு மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "முத்தமிட்ட எல்லாரும்தான்."

அப்போது எழுந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தெரியாமல் முத்தமிட்டால் சத்தியம் ஆகுமா என்று ஆண்கள் கேட்டார்கள். தெரியாமல் முத்தமிட்டும் லைசன்ஸ் கிடைச்சதுதானே என்று பெண்கள் கேட்டார்கள். நெற்றியில் ஒற்றினது கணக்கில்லை, உதட்டில் பட்டால்தான் என்று ஒருவர் வாதாடினார். சைவக்காரருக்கு இது செல்லாது என்று நான் சொல்லப் பார்த்தேன். என் மனைவி பார்த்த பார்வையில் அது செல்லும் என்று தெரிந்தது.

வழக்கு பாதிரியாரிடம் போனது. அவர் போலந்துக்காரர், அண்ணை மன்னார்க்காரர். இருவரும் இருவருக்கும் சொந்தமில்லாத டெனிஷில் வாதாடினார்கள். பாதிரியார் பதக்கத்தை வாங்கிப் பார்த்து, எழுத்தைப் படித்ததும் கொஞ்சம் வெளிறினார். மந்திரித்த அன்று அவரும் முத்தமிட்டிருந்தார்.

"கட்டாது" என்றார் உடனே. "தெரியாமல் செய்த சத்தியம் யாரையும் கட்டாது. ஒருவரையும் கட்டாது."

வெளியே வந்ததும் ரோசம்மாக்கா சொன்னார்: "சாமியார் தன்ரை வழக்குக்குத் தானே தீர்ப்புச் சொல்லுறார். உது எடுபடாது. பதக்கம் என்ரை வீட்டிலைதான் தொங்கும். அது தொங்குற கூரைக்குக் கீழை ஒரு சொட்டும் இல்லை. இல்லையெண்டால் நான் கோல்டிங்."

அண்ணை கூரை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு எதிரே இருந்த பஸ் தரிப்பிடம் அவருக்குப் புகலிடமானது. மாலையில் கோட்டுப் பைக்குள் சிறிய போத்தலோடு அங்கே போய் நிற்பார். துணைக்கு நானும் சிலநாள் நின்றிருக்கிறேன். தரிப்பிடத்துக்கும் கூரை இருக்கிறதே என்று கேட்டேன். "அது கொம்யூனின்ரை கூரை" என்றார். நகரசபையைச் சொல்கிறார்.

அவர் எதிர்பாராதது ஒன்றுதான். பஸ்.

தரிப்பிடத்தில் ஆள் நின்றால் டெனிஷ் பஸ் நிற்கும். கதவு திறக்கும். சாரதி, சிவப்புத் தாடிக்காரர், குனிந்து "ஸ்கால் ஈ மெ?" என்று கேட்பார். வாறீங்களா என்று. முதல்நாள் இல்லை என்று தலையாட்டினோம். அவர் கதவை மூடிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார். மறுபடி நிறுத்தினார், மறுபடி கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது அந்த மனிதரின் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்து எங்களால் தாங்க முடியவில்லை.

"மனிசன் எங்களுக்காக நிப்பாட்டுறான். ஏறாமல் விட்டால் மரியாதை இல்லை" என்றார் அண்ணை. ஏறினோம். பஸ்ஸுக்குள் குடிக்க முடியாது. நகரத்தை முழுதாகச் சுற்றி, ஆற்றுப் பாலம் தாண்டி, ஆஸ்பத்திரி தாண்டி, திரும்பி இதே தரிப்பிடத்தில் இறங்கினோம். இறங்கும்போது அண்ணைக்குத் தூக்கம் வந்திருந்தது. போத்தல் திறக்கப்படவில்லை.

இது அடுத்த நாளும் நடந்தது. அதற்கடுத்த நாளும். பனிக்காலத்தில் ஜூட்லாந்துக் காற்று எலும்புக்குள் போகும்போது, சூடான பஸ்ஸை விட்டுவிட்டு வெளியே நின்று குடிக்க எந்த மனிதனுக்குத்தான் மனம் வரும்? அண்ணை மாதச் சீட்டே எடுத்துவிட்டார். ரோசம்மாக்கா என் மனைவியிடம், "குடிக்கப் போறன் எண்டு வெளிக்கிட்டுப் போறார், ஊர் சுத்திப்போட்டுப் பசியோடை வாறார்" என்று சொல்லிச் சிரித்தாராம். சில நாளில் அனிற்றாவும் கூடப் போனாள். வீட்டுப்பாடத்தை பஸ்ஸில் செய்தாள். ஒருநாள் சாரதி கேட்டாராம், இவர் யார் என்று. "மின் ஃபா" என்றாளாம். என் அப்பா. அண்ணை அதை என்னிடம் சொல்லிவிட்டு விலா எலும்புப் பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

முழுக்கத் திருந்திவிட்டார் என்று எழுதினால் பொய். ஒரு நத்தார்ப் பண்டிகைக்குப் பதக்கத்தின் மேல் தேத்தண்ணித் துவாயைப் போட்டு மூடிவிட்டுக் குடித்தார். அடுத்த நாள் துவாயை எடுத்துவிட்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் கோல்டிங் அறையில் ரோசம்மாக்காவின் தங்கை தையல் இயந்திரம் வைத்துக்கொண்டாள்.

இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை. காசு சேர்ப்பவர் சங்கம் ஆளில்லாமல் கலைந்தது. பிரெபென் வேலையிலிருந்து ஓய்ந்ததும் அயர்லாந்துக்கே குடிபோய்விட்டான். மழை பழகிவிட்டதாம். பஸ் தடம் மாறி, அந்தத் தரிப்பிடத்தைப் பிடுங்கிவிட்டார்கள். சாரதி எங்கே என்று யாருக்கும் தெரியாது.

ரோசம்மாக்கா நாலைந்து வருடங்களுக்கு முன் நோயில் போய்விட்டார். பெட்டியை மூடுமுன் அண்ணை பதக்கத்தைக் கொண்டுவந்து அவர் கைகளுக்குள் வைத்தார். அந்த நேரத்தில்கூட என் மனம், ஐயோ அபூர்வமான சாமான் என்று ஒருகணம் பதறியது. சேர்ப்பவன் புத்தி அப்படி.

இந்த நாட்டில் கல்லறைக்கும் தவணை உண்டு. தவணை முடிந்தால் கல்லை எடுத்துப் புல் விதைத்துவிடுவார்கள். சென்ற மாதம் நானும் அண்ணையும் அங்கே போயிருந்தோம். நான் சொன்னேன்: "அண்ணை, எத்தினையோ காலம் கழிச்சு ஒருத்தன் இஞ்சை கிண்டி உதை எடுப்பான். மியூசியத்திலை வைச்சு, அயர்லாந்து ஆக்கள் ரண்டர்ஸுக்கு வந்து குடியை நிப்பாட்டினவை எண்டு பெரிசா எழுதிவிடுவான்."

அண்ணை குனிந்து, கல்லில் ஒட்டியிருந்த இலையைத் தட்டினார்.

"எழுதட்டுமன். கடல் கடந்து வந்தவள்தானே. நிப்பாட்டினவள்தானே. ஊர்ப்பேர் ஒண்டுதானே பிழை."