வெளுத்துப்போன தலைவர்

எங்கள் வாசகர் வட்டத்தில் எனக்குத் தருகிற வேலை எப்போதும் பிளக்ஸ் அடித்துக் கட்டுவதுதான். பேசவிட்டால் நிறுத்தமாட்டேன் என்பது ஊருக்கே தெரியும்.

அந்த மாதக் கூட்டம் ஓர் ஆப்பிரிக்கத் தலைவரின் வாழ்க்கை பற்றியது. கண்டம் முழுக்க ஒன்றாக வேண்டும் என்று கனவு கண்டவர், அதற்காக ஜெயிலுக்குப் போனவர். நம் கறுப்பைப் பார்த்து நாமே கூசுகிறவரை கிடைத்த விடுதலை பாதிதான் என்று மேடைக்கு மேடை சொன்னவர்.

பேச வருகிறவரும் அந்த நாட்டுக்காரர்தான். இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர், தமிழ் நன்றாகவே பேசுவார். முதலில் மறுத்தார். டவுண் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் கடைசிவரை காலியாகவே வருமாம். யாராவது நெருங்கி வந்தால் அது செல்பிக்காம்.

"என் பேச்சைக் கேட்கக் கூப்பிடுறீங்களா, என்னைப் பார்க்கக் கூப்பிடுறீங்களா?" என்றார்.

கேட்கத்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அழைத்திருந்தேன்.

ஐந்து மணிக்குக் கூட்டம். நாலரைக்குத்தான் பேட்டைக் கடையிலிருந்து பிளக்ஸ் வந்தது. ஏணி போட்டு ஹாலில் கட்டிவிட்டு, இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். தலைவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிவப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் ரோஸ் வேறு.

பிளக்ஸ் கடைத் தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏலே, தலைவர் மூஞ்சியை என்னலே செஞ்ச?"

"நல்லா வந்திருக்குல்லா அண்ணாச்சி? போட்டோ ரொம்ப இருட்டா இருந்துச்சு. பைய வெளுத்து விட்டேன்."

"யாருலே சொன்னா?"

"யாரும் சொல்லாண்டாமே. காதுகுத்து, கட்சி, கண்ணீர் அஞ்சலி, எல்லாத்துக்கும் அப்படித்தான செய்யுதோம். செய்யலைன்னாத்தான் சண்டைக்கு வாராவ. கீழ ஒங்க படமும் அப்படித்தான். போன தடவை பாத்துட்டு சந்தோசப்பட்டீயளே!"

பட்டேன். குடும்ப வாட்ஸப்பில்கூடப் போட்டேன். "இது யாரு, புது உறுப்பினரா?" என்று கேட்டவள் என் மனைவி.

வேறு அடிக்க நேரமில்லை. மறுபடி ஏணி ஏறினேன். நானே போட்ட முடிச்சு அவிழ மறுத்தது. கீழே நாற்காலிகள் நிறையத் தொடங்கின.

"நல்லாத்தானவே இருக்கு, எதுக்குவே அவுக்கீரு?" என்றார் ஒரு பெரியவர்.

முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது விருந்தினர் உள்ளே வந்துவிட்டார். ஹாலின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இது யார்?"

கடைத் தம்பி மேல் பழியைப் போட்டுவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"உங்க தலைவர்தான். நாங்க வெளுத்துட்டோம்," என்றேன். "எல்லாரையும் வெளுப்போம். இங்க அதுதான் பழக்கம்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கீழ் மூலையைக் காட்டினார்.

"அது?"

"அது... நான்."

படத்தைப் பார்த்தார். ஏணியில் தொங்கும் என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள்.

"கழற்ற வேண்டாம்," என்றார். கையிலிருந்த பேச்சை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இறங்கி முன்னால வந்து உட்காருங்க சார். இன்னைக்கு இதைப் பத்தித்தான் பேசப்போறேன்."

போய் உட்கார்ந்தேன். அவர் பேசி முடிக்கும்வரை ஒருத்தர்கூட அவரை வேடிக்கை பார்க்கவில்லை. ஹால் மொத்தமும் பேனரையும் என்னையும்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.