நாற்பது கரடிக்குச் சொந்தக்காரி

"எங்க மலையில நாப்பது கரடிங்க கீது, நைனா. நாப்பதும் என்னைக் கண்டா வழி வுடும். வேற எவளாவது கூடையத் தூக்கினு ஏறினா, கூடைதான் திரும்பி வரும்."

திருப்பதி பாசஞ்சர் முழுதாக நிற்பதற்குள் கெங்கம்மாள் இதைச் சொல்லி முடித்துவிடுவாள். சொல்லிக்கொண்டே ஜன்னல் ஜன்னலாக நடந்து, எந்தப் பெட்டியில் பட்டுப் புடவைகள் அதிகமோ அதற்கு நேர் எதிரே கூடையை இறக்கியிருப்பாள். கூடை நிறையச் சீத்தாப்பழம். கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் தொட்டு ஜாதகம் சொல்வாள். "இது இன்னைக்கித் துண்ணலாம். இது நாளைக்கி. இத்த நீங்க மொட்டை அடிச்சினு திரும்பி வரச்சொல்ல துண்ணுங்க." வாங்கத் தயங்குகிறவர்களுக்கென்று ஒரு பழத்தைத் தனியாக வைத்திருப்பாள். "இது கரடி மோந்து பாத்துட்டு வுட்ட பழம்." கரடி ஏன் விட்டது என்று இதுவரை எந்தப் பிரயாணியும் கேட்டதில்லை. அந்தப் பழம்தான் முதலில் விற்றுப்போகும்.

வயது ஐம்பது இருக்கலாம். உயரம் குறைவு, குரல் அதிகம். அந்தக் குரலை அவள் ரயிலுக்காக வளர்க்கவில்லை, மலைக்காக வளர்த்தாள். ஈச்சம்பாறைச் சரிவில் ஏறும்போது, எதிரில் யாரும் இல்லாமலேயே சண்டை போட்டுக்கொண்டு போவாள். "டேய், நான்தான் வரேன். நவுரு. காலையிலியே மூஞ்சத் தூக்கி வச்சினு குந்திக்கினு கீறான் பாரு." மனிதச் சத்தம் முன்கூட்டியே கேட்டால் கரடி தானாக விலகிவிடும் என்பதை வனத்துறைப் புத்தகங்களும் சொல்கின்றனவாம். ஆனால் புத்தகங்கள் கரடியை இவ்வளவு கேவலமாகத் திட்டச் சொல்வதில்லை.

எல்லாக் கரடிக்கும் பெயர் உண்டு. காது கிழிந்தது ஒத்தக்காதன். எப்போதும் உறுமிக்கொண்டு புற்றைத் தோண்டுவது மாமனார். நிலா வெளிச்சத்தில் முதுகு புடைத்துத் தெரிவது ரெண்டுதலைச்சி. கேட்டால் இன்னும் சொல்லுவாள். கேட்கக் கேட்கப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும்.

இந்த நாற்பது ஒரே நாளில் வந்ததல்ல. அவள் வியாபாரம் தொடங்கிய காலத்தில் மலையில் பன்னிரண்டு கரடிகள்தான் இருந்தன என்று ஸ்டேஷன் போர்ட்டர் வேணு சாட்சி சொல்கிறார். பிறகு தாயாரம்மாள் என்பவளும் கூடை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வந்தாள். கரடி இருபத்தைந்தாயிற்று. தாயாரம்மாளின் நாத்தனார் அம்சாவும் வந்து உட்கார்ந்ததும் நாற்பது. பிளாட்பாரத்தில் கூடை பெருகினால் மலையில் கரடி பெருகும் என்ற இந்த இயற்கை விதியை விலங்கு நூல் வல்லார் எவரும் இதுவரை கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனால் விதி பலித்தது. மற்றப் பெண்கள் சாலையோரத்துச் செடிகளில் எலுமிச்சை அளவுக்குக் காய்த்ததைப் பறித்து விற்றார்கள். ஈச்சம்பாறைச் சரிவில் இளநீர்க் குரும்பை போலப் பருத்த பழங்கள் கெங்கம்மாள் ஒருத்திக்காகவே பழுத்தன. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அந்தச் சரிவுதான் அவளுக்கு நிலம், நீச்சு, பென்ஷன் எல்லாம். அதற்கு வேலி அந்த நாற்பது கரடிகள்.

வேலியைக் கணக்கெடுக்கச் சர்க்காரே வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

யுத்தம் முடிந்து தோட்டாத் தட்டுப்பாடு நீங்கியிருந்த சமயம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைந்த கொல்லையில் கரடி புகுந்துவிட்டதென்று யாரோ மனுப் போட, மலையில் மொத்தம் எத்தனை என்று மேலிடம் கேட்டது. பாரஸ்ட் கார்டு தேசப்பனிடம் வேலை வந்து சேர்ந்தது. மனிதனைக் கணக்கெடுப்பது சுலபம்; கதவில் நம்பர் எழுதினால் போதும். கரடிக்குக் கதவு கிடையாது. தேசப்பன் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். கே.ஜி.கண்டிகைக்காரர்கள் தங்களுக்கு எட்டு என்றார்கள். ஆர்.கே.பேட்டையில் அதைக் கேள்விப்பட்ட நெசவாளர்கள், கண்டிகைக்கே எட்டு என்றால் தங்களுக்குப் பதினைந்துக்குக் குறையாது என்றார்கள். ஒவ்வோர் ஊரும் தன் கரடி பக்கத்து ஊர்க் கரடியைவிட உயரம், கோபம் அதிகம் என்று பெருமையாகச் சொன்னது. எல்லா ஊரிலும் ஒரு கரடிக்குக் காது கிழிந்திருந்தது. கரடிக்கு ராத்திரியில் நாலு ஊர் எல்லை தாண்டத் தெரியும் என்பது தேசப்பனுக்கும் தெரியும். இருந்தாலும் ஓர் ஊர்ப் பெருமையைக் கழித்து இன்னோர் ஊருக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் கூட்டினார். நாற்பத்தொன்று வந்தது. கெங்கம்மாள் சொன்னதற்கும் இதற்கும் ஒன்றுதான் வித்தியாசம். சர்க்கார் கணக்கில் இதற்குமேல் துல்லியம் கிடையாது.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் நான் பழம் வாங்கப் போயிருந்தேன். "நாற்பதில் ஒரே சமயத்தில் எத்தனையைச் சேர்த்துப் பார்த்திருக்கிறாய்?" என்று சும்மா கேட்டு வைத்தேன். கெங்கம்மாள் வெற்றிலையைக் கிழித்து, மறுபடியும் கிழித்தாள்.

"ரயிலு வர்ற நேரத்துல இன்னா கேள்வி நைனா இது."

ரயில் எதுவும் வருவதாக இல்லை. வந்தது தேசப்பன்தான்.

"யக்கா, உனக்கு ஒரு வேலை வந்துகீது" என்றார். "பட்டணத்துலேர்ந்து நாளைக்கிக் காலையில துப்பாக்கிக்காரங்க வராங்க, நாலு பேரு. உத்தரவு ஆயிட்சி. நீதான் வழி காட்டணும்."

"எத்தினி சுடப் போறாங்க?"

"பாதி. மேல ரொம்ப யோசிச்சு, எரக்கப்பட்டுத்தான் எழுதிகீறாங்க. இருவது சுடலாம், மீதி இருவத்தொண்ணு பொழச்சிப் போவட்டும்னு."

கெங்கம்மாள் கூடையிலிருந்த பழங்களை ஒரு காரணமும் இல்லாமல் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள்.

"தேசப்பா, மலையில இருவது இல்ல."

"நீதான நாப்பதுன்னு சொல்லிகினு இருந்த."

"மூணு. தாயி ஒண்ணு, அது முதுகு மேல குட்டி ஒண்ணு. அத்தப் பாத்துட்டுதான் ரெண்டு தலைன்றாங்க. அப்பறம் அந்தக் காது போன கெழம். அவ்ளோதான்."

தேசப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குந்தினார். "யக்கா, நேத்து வரைக்கும் நாப்பத்தொண்ணு. இன்னைக்கி மூணுன்னு நான் போயி சொன்னா, மீதி முப்பத்தெட்டு எங்க போச்சின்னு என்னைத்தான் கேப்பாங்க. நானே சுட்டு வித்துட்டேன்னு வேலையத் தூக்குவாங்க."

"கொஞ்சம் கொறைச்சு சொல்லேன்."

"முப்பதுன்னா பதினஞ்சு சுடுவாங்க. பத்துன்னா அஞ்சு. உன் மூணு எதுல பொழைக்கும், சொல்லு."

இந்தக் கணக்கில் பிழை இல்லை. கரடிகளை அதிகமாகச் சொல்வதற்கு வாய் போதும். குறைத்துச் சொல்வதற்கு ஆதாரம் வேண்டும். இல்லாத முப்பத்தெட்டை இல்லையென்று எப்படிக் காட்டுவது? மெத்தப் படித்தவர்களுக்கே அது வழுக்கும்.

கெங்கம்மாள் எழுந்து பிளாட்பாரத்தின் மறுகோடிக்குப் போனாள். அவள் அந்தப் பக்கம் போய்ப் போர்ட்டர் வேணுவே பார்த்ததில்லை. தாயாரம்மாளும் அம்சாவும் கூடையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"விடிகாலையில கூடை எடுத்துகினு வாங்கடி. ஈச்சம்பாறைக்குப் போலாம். தெரிஞ்சவளுங்க இருந்தா அவளுங்களையும் இட்டுகினு வாங்க."

தாயாரம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா, எங்கள எல்லாம் கரடிக்குப் படையல் போட்டுட்டு, இங்க நீ ஒருத்தியே விக்கலாம்னு பாக்கறியா?"

"நான் முன்னால போறேன். துண்ணா மொதல்ல என்னத் துண்ணட்டும்."

"நாப்பதுக்கு நீ ஒருத்தி பத்துவியா?" என்று அம்சா கேட்டாள்.

"பத்துவேன். வாடி."

மறுநாள் காலையில் துப்பாக்கிக்காரர்கள் மலையடிவாரத்தில் இறங்கியபோது நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். நால்வரும் பட்டணத்துக் கனவான்கள். காக்கிக் கால்சட்டை, தொப்பி, பிளாஸ்க். முழங்கால்வரை கம்பளித் துணி சுற்றியிருந்தார்கள், கரடி கணுக்காலைக் கடிக்கும் என்று யாரோ சொன்னதால். தலைவர் போலத் தெரிந்தவர் கட்டைக்குரலில் வியூகம் விளக்கினார். இருபது கரடியும் எந்தப் பக்கமாக இறங்கும், யார் எதைச் சுடுவது என்றெல்லாம் ஏற்பாடாயிற்று. வழிகாட்டியைத்தான் காணவில்லை. தேசப்பன் வியர்த்துக்கொண்டு நின்றார்.

மேலிருந்து சத்தம் வந்தது. நால்வரும் துப்பாக்கியைத் தூக்கினார்கள்.

பாறை மடிப்பைச் சுற்றிக்கொண்டு இறங்கியவர்கள் பெண்கள். தலையில் கூடையோடு, ஒருத்தி பேச்சை ஒருத்தி வெட்டிக்கொண்டு, நாத்தனாரையும் கொழுந்தனையும் வாய்க்கு வாய் ஏசிக்கொண்டு, ஏழெட்டுப் பேர், முன்னால் கெங்கம்மாள். எல்லாக் கூடையும் கோபுரமாக இருந்தது. கடைசியாக இறங்கிய ஒருத்தி, இடம் போதாமல் முந்தானையிலும் பழம் முடிந்திருந்தாள்.

"அம்மா, மேலே கரடி?" என்றார் தலைவர், துப்பாக்கியை இறக்காமல்.

தாயாரம்மாள் நின்று, கூடையை இறக்கி, முகத்தைத் துடைத்தாள். "கரடியா? விடிஞ்சதுலேர்ந்து சரிவு பூரா சுத்திட்டோம். புத்து கீது, பொந்து கீது. ஒரு மயிரக் காணோம். எத்தினி வருசமா ஏமாந்து போயிட்டோம் பாருங்க."

நால்வரில் இளையவர் முதலில் சிரித்தார். மற்றவர்கள் அதைக் கௌரவக் குறைவாகக் கருதிச் சற்று நேரம் கழித்துச் சிரித்தார்கள். பெண்பிள்ளைகள் ஊர்வம்பு பேசிக்கொண்டு பழம் பறிக்கிற மலையில் கரடி வேட்டை ஆடினோம் என்று பட்டணத்துக் கிளப்பில் சொல்லிக்கொள்ள முடியாது. தோட்டாக்கள் வெளியே வந்தன. அம்சாவிடம் ஒரு டஜன் பழம் பேரம் பேசி வாங்கினார்கள். சாயங்கால வண்டிக்குப் போய்விடலாம் என்று தீர்மானமாயிற்று.

புறப்படும்போது தலைவருக்கு ஏதோ நினைவு வந்தது. தேசப்பன் பக்கம் திரும்பி, "நாற்பது நாற்பது என்று ஒருத்தி சொன்னாளாமே, அவள் யார்?" என்றார்.

தேசப்பன் மலையைப் பார்த்தார். தாயாரம்மாள்தான் விரலை நீட்டினாள். "இதோ, இவதான். கேளுங்க."

எல்லாரும் கெங்கம்மாளைப் பார்த்தார்கள். தாயாரம்மாள் தரையில் இறக்கி வைத்திருந்த கூடை, தனி ஆளாகத் தூக்க முடியாத கனம். கெங்கம்மாள் குனிந்து அதற்கு ஒரு கை கொடுத்தாள். இருவருமாகத் தூக்கித் தாயாரம்மாளின் தலையில் ஏற்றியதும், சும்மாடு ஒருபக்கம் சரிந்திருந்ததைப் பார்த்து, எக்கி நின்று அதை நேராக்கிவிட்டாள்.